வெட்டாத மரத்துக்கும் விலை உண்டா?

பட்டாசில் என்னென்ன இருக்கின்றன என்று சிவகாசி வட்டார மாணவர்களைக் கேட்டால், வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் என்று பாடநூலைப் புரட்டாமலேயே சொல்வார்கள். கரித்தூள் எதிலிருந்து வந்தது? மரத்திலிருந்து. மரத்துக்குள் கரி எப்படி வந்தது? இங்கேதான் சற்று யோசிப்பார்கள்.

காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இலைகள் எடுத்துக்கொள்கின்றன. ஒளிச்சேர்க்கையால் அதிலுள்ள கார்பன் மரக்கட்டையாகிறது. எரித்தால் மறுபடியும் காற்றுக்கே போய்விடுகிறது. மரம் நிற்கும்வரை அந்தக் கார்பன் காற்றில் இல்லை. இன்று பரவலாகப் பேசப்படும் கார்பன் கிரெடிட்டின் அடிப்படை இதுதான்.

ஒரு கிரெடிட் என்பது எவ்வளவு?

ஒரு டன் கார்பன் டைஆக்சைடு காற்றில் சேராமல் தடுத்தாலோ, காற்றிலிருந்து அதை நீக்கினாலோ ஒரு கிரெடிட். தம் உமிழ்வை ஈடுகட்ட விரும்பும் நிறுவனங்கள் அதை விலைக்கு வாங்குகின்றன.

கணக்கு எளிது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். 300 கிலோ உலர் எடையுள்ள மரத்தில் 150 கிலோ கார்பன் இருக்கும். அதை 44/12 ஆல் பெருக்கினால் 550 கிலோ கார்பன் டைஆக்சைடு. இத்தகைய இரண்டு மரங்கள் சேர்ந்தால் ஒரு டன்னுக்குச் சற்று மேல்.

அப்படியானால் நிற்கும் மரங்களை எண்ணி விற்றுவிடலாமா? முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: ஓர் ஊரில் ஆண்டுக்கு 100 ஏக்கர் காடு அழிந்து வருகிறது. ஊரார் முயற்சியால் அழிவு 40 ஏக்கராகக் குறைகிறது. காப்பாற்றப்பட்ட 60 ஏக்கருக்கு மட்டுமே கிரெடிட். யாரும் வெட்டப்போகாத காட்டுக்குக் கிரெடிட் இல்லை. இங்கே வெட்டாமல் அடுத்த ஊர்க் காட்டில் போய் வெட்டினால் அதுவும் கழிக்கப்படும்.

மேகாலயா காட்டிய வழி

ஊரார் சேர்ந்து நடத்தும் இத்தகைய திட்டங்களில் இந்தியாவில் முன்னோடி, மேகாலயாவின் கிழக்குக் காசி மலையில் உள்ளது. மௌப்லாங் என்ற ஊரில் ஒரு புனிதக் காடு இருக்கிறது. நம் ஊர் அய்யனார் கோயில்காட்டைப் போல, அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துச்செல்லக் கூடாது என்பது வழக்கம். ஆனால் அதைச் சுற்றியிருந்த காடுகள் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் கல்குவாரிக்கும் காட்டுத்தீக்கும் இரையாகி வந்தன. உமியம் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி அது. காடு போனால் ஊற்றும் போகும் என்ற அச்சமே மக்களைக் கூட்டியது.

ஹிமா எனப்படும் 10 மரபு ஆட்சிப் பகுதிகளைச் சேர்ந்த 62 ஊர்கள் இணைந்து, சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பில் 2011இல் பணியைத் தொடங்கின. 2013இல் பிளான் விவோ என்ற பன்னாட்டு அமைப்பின் சான்று கிடைத்தது. தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினார்கள், நாற்றங்கால் அமைத்தார்கள். விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்புகள் வீடுகளுக்கு வந்தன. காட்டில் மேயும் ஆடுமாடுகளுக்குப் பதிலாகக் கொட்டிலில் வளர்க்கும் பன்றியும் கோழியும் வந்தன. பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள்.

இந்தப் பட்டியலில் மரம் நடுவதைவிட அடுப்பும் கொட்டிலும் முக்கியமானவை. விறகு சுமக்கும் பெண்ணுக்கும் கரி சுட்டுப் பிழைப்பவருக்கும் மாற்றுவழி காட்டாமல் காட்டுக்கு வேலி மட்டும் போட்டால், அந்தப் பாதுகாப்பின் செலவை ஏழைகளே சுமக்க வேண்டியிருக்கும்.

எச்சரிக்கையும் தேவை

'அழிந்திருக்கும்' என்று சொல்லும் பரப்பை மிகையாகக் காட்டினால், இல்லாத கிரெடிட்டும் விற்பனைக்கு வந்துவிடும். வெர்ரா என்ற அமைப்பு சான்றளித்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான குறைப்பைக் குறிக்கவில்லை என்று 2023இல் 'தி கார்டியன்' உள்ளிட்ட இதழ்கள் எழுதின. வெர்ரா அதை மறுத்தது. கிரெடிட்டை வாங்கும் நிறுவனம் தன் புகையைக் குறைக்காமலேயே இருந்துவிடலாம் என்ற குறையும் உண்டு.

நம் மாவட்டத்தில்?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. ஏற்கெனவே சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இக்காடு நிற்கிறது என்பதற்காக மட்டும் கிரெடிட் கோருவது கடினம். காசி மலையில் காடுகள் பெரும்பாலும் ஊருக்கும் குலங்களுக்கும் சொந்தம். இங்கே வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. அதனால் பணம் யாருக்கு என்ற கேள்வியும் எழும். ஆனால் ராஜபாளையத்தின் குடிநீரில் ஒரு பகுதி அந்த மலையிலிருந்து இறங்குகிறது. எந்தக் கிரெடிட் கணக்கிலும் வராத வரவு அது.

வகுப்பறைக்கு மூன்று செயல்கள்

1. பள்ளி வளாக மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தையல் டேப்பால் அளந்து குறிக்கட்டும். அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் அளந்தால் வளர்ச்சி தெரியும்.

2. முப்பது ஆண்டுகளுக்கு முன் அடுப்பெரிக்க விறகு எங்கிருந்து வந்தது, இன்று எதில் சமைக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும்.

3. கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலமும் கார்பனைச் சேமிக்கிறது. கரி சுடுவோருக்குப் பிழைப்பும் தருகிறது. கண்மாயைத் தூர்க்கவும் செய்கிறது. அதைக் காக்கப் பணம் தரலாமா? விவாதிக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்லிவிட வேண்டாம். அளந்து பார்த்து, ஊரைக் கேட்டு, பிறகு முடிவுக்கு வரும் பழக்கமே இந்தப் பாடம்.