வெட்கம் கெட்டவர் யார்?

ஆங்கிலத்தில் ‘இன்வெரிகண்ட்’ என்றொரு சொல் உண்டு. இன்று யாரும் பேசுவதில்லை; பெரிய அகராதிகளில் கிடக்கிறது. பொருள்: வெட்கமற்ற. அதன் லத்தீன் வேருக்கு மரியாதையோடு அஞ்சுதல் என்று அர்த்தம். அந்த அச்சம் விட்டுப்போனவரே வெட்கங்கெட்டவர்.

நாம் சொல்லும் ‘ஹயா’வும் உயிர்வாழ்வைக் குறிக்கும் ‘ஹயாத்’தும் அரபியில் ஒரே வேரில் பிறந்தவை. ஹயா ஈமானின் ஒரு கிளை என்பது நபிமொழி. திருக்குறளின் 102ஆம் அதிகாரமான ‘நாணுடைமை’, தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் கூச்சம் வேறு என்று பிரித்துக்காட்டியே தொடங்குகிறது.

ஆனா நம்மட வீடுகள்ல ‘வெக்கமில்லியா?’ என்ற கேள்வி பெரும்பாலும் பெண்பிள்ளைகளைத்தான் தேடிப் போகிறது. சத்தமாகச் சிரித்தாலே போதும்.

2018 மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரித்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு முன், தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை நம்மவர் சிலர் அடித்து, அவர் மௌத்தானாரே, அவர்களிடமும் கேட்க வேண்டியதுதான்.

ஓங்கிய கையை இறக்கவைக்கும் கூச்சம் எதுவோ, அதுவே ஹயா.