கேட்கும் வரம் மூன்று, கிடைப்பது இரண்டு

திருச்சுழிக் கரிசல் சீமையிலே, பரளச்சி முதலான ஊர்களில் மைக்செட் இல்லாத கோயில் பொங்கலைக் காண்பது அரிது. முன்னாளில் மரக்கிளையில் கட்டிய ஒரு கூம்புக் குழாயே போதுமாயிருந்தது. அது பேச்சை வெகுதூரம் கொண்டு செல்லும். ஆனால் தவிலின் கனத்த நாதம் அதன் வழியே வராது. இப்போது அந்த நாதத்துக்காகவே ஆளுயரப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். "சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும்" என்பது இளைஞர் கட்சி; "வாடகைக்கும் டீஸலுக்கும் யார் கொடுப்பது?" என்பது பெரியவர் கட்சி. வரிப்பணம் பொதுப்பணமாதலால், பெட்டிக்குள் இருக்கும் 'ஊஃபர்' என்னும் யந்திரத்தின் சுபாவத்தை நாம் சற்று விசாரிப்போம்.

காகிதக் கூம்பு ஒன்று. அதன் அடியில் கம்பிச் சுருள். சுருளைச் சூழ்ந்து காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வகுத்த இந்த அமைப்பே இன்றும் அடிப்படை.

மந்தர ஒலிக்குப் பசி அதிகம். உரப்புக் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கக் கூம்பு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவைப் பசை அப்பினால் சுருதி இறங்குகிறதல்லவா? கூம்பைக் கனமாக்கினாலும் அப்படியே, ஆனால் கனத்த கூம்பை ஆட்டுவது கடினம், உரப்புக் குறைந்துவிடும்.

பெட்டி எதற்கு? கூம்பின் முன்புறம் காற்றை அழுத்தும்போது பின்புறம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் மந்தர ஒலி ஒன்றையொன்று விழுங்கிவிடும். பெட்டியைச் சிறிதாக்கினாலோ, அடைபட்ட காற்று வில்போல் விறைத்து ஆழத்தைக் கெடுக்கும். 1932-ல் துராஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறையில், பெட்டிக்குக் கடத்தின் வாய்போல ஒரு துளை வைத்து ஓரளவு பலன் கண்டார்கள். ஆனால் அத்துளைக்குரிய சுருதிக்கும் கீழே போனால், கூம்பு கட்டுக்கடங்காமல் ஆடும்.

ஆகவே ஆழம், உரப்பு, சிறிய பெட்டி என்ற மூன்று வரங்களில் இரண்டையே பெறலாம். இதை ஹாப்மன் என்ற அமெரிக்கரின் பெயரால் 'இரும்பு விதி' என்கிறார்கள். வீட்டுச் சிறு பெட்டி உரப்பைத் துறக்கிறது. திருவிழாப் பெட்டி அடியாழத்தைத் துறந்து உரப்பைக் கொள்கிறது.

பெட்டியின் முதுகில் எழுதிய வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது மாடு தின்னும் தீவனத்தின் அளவேயன்றிக் கறக்கும் பாலின் அளவு அன்று. தின்ற மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்கே ஒலியாகிறது. மிச்சம் வெறும் சூடு. உரப்பு இரட்டித்ததாகக் காதுக்குத் தோன்ற, சுமார் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும்!

செலவில்லாத உபாயமும் உண்டு. கரிசல் வெளியில் மந்தர ஒலியைத் தாங்கிக் கொடுக்கச் சுவர் இல்லை, தரை இருக்கிறது. ஊஃபர் பெட்டிகளை மூலைக்கொன்றாக வைக்காமல், ஓரிடத்தில் தரையோடு தரையாகச் சேர்த்து வைத்தால், ஒன்றுக்கொன்று துணை செய்யும்.

மந்தர ஒலி சுவரையும் ஊடுருவி, தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் எழுப்பும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். எனவே வாடகை பேசுமுன் ஊரார் கேட்க வேண்டியது "எத்தனை வாட்?" என்பதன்று, "எந்த வரத்தை விடப் போகிறோம்?" என்பதே.