எம்.டெக். படிக்க வட்டிக் கடன் தேவையா?

பி.இ. முடித்த பிள்ளைக்கு ஓராண்டாக வேலை அமையவில்லை என்றால், "சும்மா இருப்பதற்கு எம்.டெக். சேர்த்துவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. ஜும்ஆ முடிந்து நம்மிடம் ஆலோசனை கேட்க வரும் பெற்றோர் அடுத்ததாகக் கேட்பது, அதற்காக வங்கியில் கல்விக் கடன் வாங்கலாமா என்பதைத்தான். வட்டி ஹராம் என்பது அவர்களுக்கும் தெரியும். வேறு வழி இல்லை என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் வழி இருக்கிறது.

எம்.டெக். படிப்பவருக்கு அரசே பணம் தருகிறது. 'கேட்' தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 24 மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 2,97,600 ரூபாய். தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு. எனவே தொடக்கச் செலவுக்குக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். எம்.இ. என்றாலும் எம்.டெக். என்றாலும் மதிப்பு ஒன்றுதான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கேட் தேர்வை ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் முறைவைத்து நடத்துகின்றன. பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. ஆனால் விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் தவறவிடுவது இங்கேதான். பெண்களுக்குக் கட்டணம் பாதி. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் 15 மதிப்பெண் பொதுத் திறனுக்கு. எந்தப் பாடப்பிரிவாக இருந்தாலும் இந்தப் பதினைந்து எல்லோருக்கும் உண்டு. அதைப் படிக்காமல் விடுவது நஷ்டம். பயிற்சிக்குப் பெரும் பணம் கட்டவும் வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் 'என்.பி.டி.இ.எல்.' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. (நம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கும் 2021 முதல் கேட் தேர்வில் மானுடவியல், சமூக அறிவியல் தாள் ஒன்று இருக்கிறது. அது எம்.டெக்.குக்கானது அல்ல.)

சரி, படித்து முடித்தால் வேலை? இதில் வெளிப்படையாகப் பேச வேண்டும். சாதாரண மென்பொருள் சேவை நிறுவனங்களில் பி.இ.க்கும் எம்.டெக்.குக்கும் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. வளைகுடாவில் சைட் என்ஜினீயர் வேலைக்குக் கேட்பது அனுபவத்தை. அந்த எண்ணம் உள்ளவர் இரண்டு ஆண்டுகளை இங்கே செலவிடுவதைவிட வேலையில் சேர்வதே மேல். சிப் வடிவமைப்பு, கட்டட அமைப்பு வடிவமைப்பு போன்ற ஆழமான அறிவு தேவைப்படும் துறைகளில்தான் எம்.டெக். உண்மையில் கைகொடுக்கிறது.

பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஒன்றிலாவது முதல் வகுப்பு. ஊதியக்குழு விதிப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. பல தனியார் கல்லூரிகள் அதைக் கொடுப்பதில்லை என்பது வேறு கதை. முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000.

இன்னொன்று. ஓ.என்.ஜி.சி., என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கின்றன. அதற்கு பி.இ.யே போதும். ஆகவே எம்.டெக். வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகாதவரும் கேட் எழுதி வைக்கலாம்.

மகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்குவோர் வடநாட்டை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. சென்னையில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும், திருச்சியில் என்.ஐ.டி.யும், காரைக்காலில் புதுச்சேரி என்.ஐ.டி.யும் இருக்கின்றன. தேர்வு எழுதியதும் இடம் தானாக வந்துவிடாது. ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு. கேட் இல்லாதவர்கள் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'சீட்டா பி.ஜி.' தேர்வு வழியாகத் தமிழகக் கல்லூரிகளில் சேரலாம், ஆனால் அந்த 12,400 கிடைக்காது.

சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு தமிழக அரசுக்கு உட்பட்ட சேர்க்கைக்கு மட்டும்தான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் அந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைமார் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். அதற்கு கிரீமி லேயரில் வரவில்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்று வாங்க வேண்டும். சேர்க்கை நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். மே மாதம் கலந்தாய்வு தொடங்கிவிடும் என்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.