சுவர் இருந்தால்தான் சித்திரம்



"பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் புதிதாக என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுதுங்களேன்" என்று நம் மலர்க் குழு நண்பர் கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பிரஷ் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், நாற்பது வயதை நெருங்கும்போது தொழிலைத் தொலைத்துவிட்டு, யாரும் சொல்லித் தராமல் இரண்டு தொழில்களைக் கற்றுக்கொண்ட கதை நம் பிள்ளைகள் யாருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். காலண்டர் ஓவியங்களால் நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்த சி. கொண்டைய ராஜு வாழ்ந்த ஊர். அவர் 1976இல் மறைந்தபோது எனக்குப் பத்து வயது. அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் வழியில் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கையில் கரித்துண்டு எடுத்தேன். 1988இல் மாமா ஒருவர் கொச்சிக்கு அழைத்து வந்தார். குடியிருப்பு கலூரில். வேலை பெரும்பாலும் மட்டாஞ்சேரியில். காலையில் எறணாகுளம் ஜெட்டியில் படகு ஏறினால், மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டில் போய் இறங்குவோம். கிட்டங்கிகளுக்கும் கடைகளுக்கும் போர்டு எழுதுவது எங்கள் தொழில். மலையாள எழுத்தை வாசிக்கத் தெரியும் முன்பே அழகாக எழுதத் தெரிந்துகொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்!

ஃபிளெக்ஸ் வந்தது; பிரஷ் காய்ந்தது

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. நான் மூன்று நாள் எழுதும் போர்டை இயந்திரம் அரை மணி நேரத்தில் துப்பியது. கூலியும் குறைவு. பழைய வாடிக்கையாளர்கள் முகம் கொடுத்துப் பேசவே சங்கடப்பட்டார்கள். 2004இல் தொடர்ந்து மூன்று மாதம் ஒரு போர்டு கூடக் கிடைக்கவில்லை. என் மனைவி வீட்டில் மாவு அரைத்து, அக்கம்பக்கத்துக்கு விற்கத் தொடங்கினாள். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "என்னங்க, ஊருக்கே போயிடலாமா?" என்று மனைவி ஒரு நாள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது என் ஒருவனுடைய கதை மட்டும் அல்ல. வரைந்து மட்டும் வயிறு நிறையாது என்பது பெரிய கலைஞர்களுக்கும் தெரிந்திருந்தது. கோயம்புத்தூரில் பிறந்து சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அங்கே சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் காலூன்றினார்கள். வீட்டு அலங்காரப் பொருள் செய்வதை அவர்கள் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. இந்தச் செய்தியை ஒரு வார இதழில் படித்த அன்று இரவு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மகள் ஆசிரியை ஆனாள்

மகளுக்குப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் இருந்தது. "அப்பா, போர்டு எழுதுற மாதிரியே இதுலயும் பக்கம் எழுதலாம்" என்றாள் ஒரு நாள். கலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து இருவரும் உட்கார்ந்தோம். அவள் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்வாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

இணையப் பக்கம் எழுதும் முறைக்கு ஹெச்.டி.எம்.எல். என்று பெயர். பயந்துவிடாதீர்கள்! இது தலைப்பு, இது பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் தொடக்கக் குறி ஒன்றும் முடிவுக் குறி ஒன்றும் போட்டு அடுக்குவது, அவ்வளவுதான். வண்ணம், அளவு, இடைவெளி ஆகியவற்றைச் சொல்ல சி.எஸ்.எஸ். என்று தனி ஏடு. இந்த வலையைத் தொடங்கி வைத்த டிம் பெர்னர்ஸ் லீ பணியாற்றிய செர்ன் ஆய்வு மையம், 1993இலேயே இதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. அதனால்தான் என்னைப் போன்றவனும் உள்ளே நுழைய முடிந்தது. இன்னொரு வசதி, திரையில் பார்க்கும் எந்தப் பக்கமும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு சொடுக்கில் திறந்து பார்க்கலாம். சமையலறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஓட்டல் போல! அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கற்றேன்.

வண்ணத்தில்தான் திகைத்துப் போனேன். கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒவ்வொன்றும் 256 படிகள். மூன்றையும் கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் நிறங்கள். அந்தக் காலத்துத் திரைகளில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரியும் நிறங்கள் என்று 216 நிறங்களைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார்கள். நான் 216 நிறங்களையும் ஒரே பக்கத்தில் கொட்டினேன்.

என் முதல் வேலை மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கடைக்கு. கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன். ஓடும் எழுத்து, மின்னும் நட்சத்திரம், பெரிய மிளகுக் கொடிப் படம் எல்லாம் போட்டேன். கடைக்காரரின் மருமகன் துபாயிலிருந்து போன் செய்தார். "பக்கம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டேன். அப்புறமும் கடையின் போன் நம்பர் எங்கே என்று தெரியவில்லை" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. படம் 300 கிலோபைட். அன்றைய தொலைபேசிவழி இணைப்பில் நொடிக்கு 4 கிலோபைட் வந்தாலே அதிகம். கணக்குப் போட்டால் ஒன்றேகால் நிமிடம்! மறு வாரம் எல்லாவற்றையும் அழித்தேன். கடையின் பெயர், என்ன கிடைக்கும், போன் நம்பர், ஒரே ஒரு சின்னப் படம். அந்தப் பக்கத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர்கள் கூலியும் கொடுத்தார்கள்.

தமிழிலும் பக்கம் செய்ய ஆசை. அப்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் எழுத, பார்ப்பவர் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கல்தான் தெரியும். அந்தச் சிரமத்துக்கு நடுவிலும் 1995இலேயே சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியிருந்தார் என்று அறிந்தபோது, வெளியூர்த் தமிழன் என்ற முறையில் எனக்கு ஒரு பெருமிதம். இன்று யூனிகோடு முறை வந்து அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது.

சுவர் சொல்லிக் கொடுத்த பாடம்

வீட்டு அலங்கார வேலைக்கு நான் வந்தது தற்செயல். 2007 ஏப்ரலில் கலூரில் ஒரு குடும்பத்தார், ஹாலில் கேரளச் சுவரோவியப் பாணியில் மயிலும் தாமரையும் வரைந்து தரக் கேட்டார்கள். இருபது நாள் உழைத்து அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஜூனில் மழை பிடித்தது. இரண்டாம் வாரமே மயிலின் கழுத்தில் கொப்புளம். ஜூலையில் தோகை முழுக்க உப்பு பூத்து உதிர்ந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

தவறு எங்கே என்று ஒரு வயதான கொத்தனாரிடம் கேட்டேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரின் பின்பக்கம் போனார். அங்கே குளியலறை. குழாயில் கசிவு! "சுவரே குளிச்சிட்டிருக்கு, நீங்க அதுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டீங்க" என்றார்.

அந்த வாரம் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனேன். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர். எத்தனையோ முறை அதன் வாசலில் நடந்திருக்கிறேன். அன்றுதான் பாடம் படிக்கிறவனாக உள்ளே போனேன். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள். யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு படுக்கையறை அலங்காரம்தானே! நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது. காரணம், வண்ணத்துக்கு முன்னால் சுவருக்குச் செய்த மரியாதை. பழைய முறையில் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, அதன்மேல் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபது, முப்பது முறை தடவி வெண்மையாக்குவார்கள். மஞ்சளும் காவியும் கல்லிலிருந்து, பச்சைக்கு அவுரி நீலத்தோடு ஒரு மரப்பிசினின் மஞ்சள், கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. வெள்ளை சுவரின் வெண்மையே. ஐந்தே நிறங்கள்! 1970இல் குருவாயூர் கோயில் தீ விபத்தில் ஓவியங்கள் அழிந்தபின், 1989இல் அங்கே மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயரைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு சுவரோவியப் பள்ளி தொடங்கியதால் இந்த முறை அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது.

"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்று நம் பாட்டிமார் சொல்வது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மசாலாக் கடைப் பக்கத்தில் நான் செய்ததும் இதே தவறுதான் அல்லவா? அடுக்கு சரியில்லாமல் அலங்காரம் செய்தேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவிடுவேன். மறுநாள் தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் பிரஷை நனைப்பதில்லை. புதுப் பூச்சு என்றால் குறைந்தது நான்கு வாரம் காய வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்தபின் ஆலுவா, பறவூர்ப் பக்கத்து வீடுகளில் "ஓணம் போச்சு, கிறிஸ்துமஸுக்காவது பெயின்ட் அடித்துவிடுங்கள்" என்று அவசரப்பட்டார்கள். "சுவர் இன்னும் அழுது முடிக்கவில்லை, கோடை வரட்டும்" என்று சொல்லிப் பல வேலைகளை ஒத்திப் போட்டேன். கைக்கு வந்த பணம் தள்ளிப்போனது. ஆனால் அந்த வீடுகளில் ஒன்றில்கூட மறு மழையில் உப்பு பூக்கவில்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

நம்மில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர்களுக்குச் சில யோசனைகள்:

சுவரில் வரையாமல் பிளைவுட் பலகையில் வரைந்து மாட்டுங்கள். வீடு மாறும்போது கூடவே வரும். நாங்கள் இதுவரை எட்டு வீடு மாறியிருக்கிறோம். என் மகள் பத்து வயதில் வரைந்த யானை எட்டு வீட்டையும் பார்த்துவிட்டது!

பழைய சுங்குடிச் சேலை நல்ல திரைச்சீலை ஆகும். பத்தமடைப் பாயை மரச்சட்டத்தில் மாட்டலாம். ஆனால் கொச்சி மழையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள்.

சோபா, அலமாரி வாங்கும் முன் அதே அளவில் செய்தித்தாளை வெட்டித் தரையில் விரித்து இரண்டு நாள் நடந்து பாருங்கள். இடித்துக்கொண்டால் அந்த அளவு வேண்டாம்.

வண்ணத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் இரண்டடிச் சதுரம் பூசி, காலை, மதியம், இரவு விளக்கு மூன்றிலும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் அழகாக இருக்கும் பச்சை, வெள்ளை விளக்கில் சோகை பிடித்தது போல் தெரியும்.

இணையப் பக்கம் கற்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாடங்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழிலும் இருக்கின்றன. பத்துப் பாடம் பார்ப்பதைவிட ஒரு பக்கம் செய்து முடிப்பது மேல். நம் தெருக் கடைக்காரர் ஒருவருக்குச் செய்து கொடுங்கள். பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் முதலில் கைப்பேசியில் திறந்து பாருங்கள். வயதான ஒருவரிடம் கொடுத்து, போன் நம்பரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் தவறு உங்களுடையது.

இனி என்ன?

ஃபிளெக்ஸ் விதியும் மாறியது. சுற்றுச்சூழல் கருதி 2019இல் கேரள அரசு பி.வி.சி. ஃபிளெக்ஸைத் தடை செய்தது. 2012 டிசம்பரில் கொச்சியில் முதல் பினாலே கலைவிழா நடந்தபின், மட்டாஞ்சேரியில் கையால் எழுதிய போர்டு வேண்டும் என்று தேடி வந்தவர்களும் உண்டு. காய்ந்த பிரஷை மறுபடி நனைத்தேன்.

இப்போது படமும் இணையப் பக்கமும் கணினியே நொடியில் செய்து தருகிறது. "இரண்டாவது ஃபிளெக்ஸ் வந்துவிட்டதே அப்பா, பயமாக இல்லையா?" என்று வேலைக்காக வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள். பயம் இல்லாமல் இல்லை. எனக்கும் அறுபது நெருங்குகிறது. ஆனால் சுவரைத் தொட்டுப் பார்த்து, பின்பக்கம் போய்க் குழாயைப் பார்த்து, அந்த வீட்டு அம்மாவிடம் "உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்க இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளாக இருக்கும் வரை பிழைத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

மனைவியின் தோட்டை 2009இல் மீட்டுவிட்டேன். மாவு விற்பனையை மட்டும் அவள் நிறுத்தவில்லை. "உங்க தொழிலை நம்பி அரைக்கிற கல்லை நிறுத்த முடியுமா?" என்கிறாள். அந்த மாவுக்கும் ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். போன் நம்பர் மேலே, பெரிய எழுத்தில்!

நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் யாருக்கேனும் பிரஷ் பிடிக்கவோ பக்கம் எழுதவோ ஆசையிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். காசு வேண்டாம். ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் கொண்டு வந்தால் போதும்.