ஐம்பது இருக்கைகளும் இரண்டு சம்பளப் பட்டியல்களும்

விமானி என்றவுடன் மிடுக்கான சீருடையும் கொழுத்த சம்பளமுமே நம்மில் பலருக்கு நினைவில் எழும். அந்த நினைவு முழுப் பொய்யன்று. எனினும் பாதி உண்மைதான். 2000-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெரிய விமானக் கம்பெனிகளில் மூத்த தலைமை விமானி ஒருவர் ஆண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேல் பெற்றார். அதே நிலையத்தில், அதே கம்பெனியின் பெயர் தீட்டிய சிறு விமானத்தில் அமர்ந்த புதிய துணை விமானி பெற்றதோ 20,000 டாலரையொட்டிய தொகையே. வானம் ஒன்று, வானிலை ஒன்று, பயணியின் உயிரும் ஒன்றே. சம்பளம் மட்டும் ஏன் இரண்டாயிற்று? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1978-இல் அந்நாட்டரசு விமானக் கட்டணத்தின் மீதும் வழித்தடங்களின் மீதும் இருந்த கட்டுப்பாட்டை நீக்கிற்று. அதன்பின் பெரிய கம்பெனிகள் சில தலைமை நிலையங்களை அமைத்து, சுற்றியுள்ள சிற்றூர்ப் பயணிகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் முறையை விரித்தன. சிற்றூர்களுக்குச் சென்று வந்தவை பெரும்பாலும் விசிறி வைத்த சிறு விமானங்கள். 1992-இல் கனடா நாட்டில் செய்த ஐம்பது இருக்கை ஜெட் விமானம் பணிக்கு வந்தது. மறு ஆண்டில் கோமேர் என்னும் கம்பெனி அதை அமெரிக்காவில் பறக்கவிட்டது. 1997-இல் பிரேசிலின் எம்பிரேயர் 145 வந்து சேர்ந்தது. ‘ரீஜனல் ஜெட்’ எனப்படும் இச்சிறு ஜெட்டுகள் விரைவாகப் பறந்தன, தொலைவாகவும் பறந்தன. ஆகவே பெரிய விமானம் சென்ற சில தடங்களிலும் இவை புகுந்தன.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. சிறு ஜெட்டைப் பறக்கவிடுவது பெரும்பாலும் வேறொரு சிறு கம்பெனி. பயணச்சீட்டை விற்பது பெரிய கம்பெனி. எரிபொருள் செலவை ஏற்பதும் பெரும்பாலும் அதுவே. சிறு கம்பெனிக்கு ஒவ்வொரு பறப்புக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத் தொகை கிடைக்கும். விமானத்தின் விலையும் நிலையக் கட்டணமும் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் ஒரு சிறு கம்பெனி மற்றொன்றைக் காட்டிலும் குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் பெறுவது எதனால்? பெரும்பாலும் ஆட்களின் சம்பளத்தால்தான்.

இதனோடு பணிமூப்பு முறையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அமெரிக்க விமானியின் சம்பளம், விடுமுறை, தடம், தலைமைப் பதவி ஆகிய யாவும் அவர் அக்கம்பெனியில் சேர்ந்த நாளைக் கொண்டே அமையும். வேறு கம்பெனிக்குப் போனால் பத்தாயிரம் மணி நேரம் பறந்தவரும் கடைசி எண்ணில் நிற்பார். ஆகவே விமானிகள் எளிதில் இடம் மாறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறு கம்பெனியின் சம்பளச் செலவு ஏறும். ஏறியதும் ஒப்பந்தம் புதிய, மலிவான கம்பெனிக்குக் கைமாறும். அனுபவம் தகுதியாகாமல் சுமையாகிவிடும் விந்தை இது.

பெரிய கம்பெனி விமானிகள் இதைக் கண்டு அஞ்சியது இயல்பே. தங்கள் வேலை வெளியே போகாதிருக்க, ஒப்பந்தத்தில் ‘ஸ்கோப்’ என்னும் விதியை அவர்கள் வலியுறுத்தினர். இத்தனை இருக்கைக்கு மேல், இவ்வளவு எடைக்கு மேல், இத்தனை எண்ணிக்கைக்கு மேல் உள்ள விமானங்களைச் சிறு கம்பெனிகளுக்குக் கொடுக்கலாகாது என்பதே அதன் சாரம். முதலில் ஐம்பது இருக்கை பெரிதும் எல்லையாக இருந்தது. பின்னர் எழுபது, எழுபத்தாறு என உயர்ந்தது. எடை எல்லை 86,000 பவுண்டு. 2019-இல் யுனைடெட் கம்பெனி, எழுபது பேர் அமரத்தக்க விமானத்தில் ஐம்பது இருக்கை மட்டும் பொருத்திப் பறக்கவிட்டது. பொறியியல் மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்த விமானத்தில் எத்தனை பேர் அமரலாம் என்பதை முடிவுசெய்தது இறக்கையின் வலிவன்று. தொழிற்சங்க ஒப்பந்தத்தின் ஒரு வரி.

அந்த விதி பெரிய கம்பெனி விமானிகளைக் காத்த மதில்தான். ஆனால் மதிலுக்கு வெளியே நின்றவர்களும் விமானிகளே. அவர்களுள் பலர் அதே சங்கத்தின் உறுப்பினர்கள். 2001 மார்ச்சில் கோமேர் விமானிகள் ஏறத்தாழ 1,350 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 89 நாள் நீடித்தது. அதே ஆண்டில் அவர்களுள் ஒரு சாரார், பெரிய கம்பெனி விமானிகளுக்காகத் தங்கள் நலனை விட்டுக்கொடுத்தது என்று சொல்லித் தம் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். ஒரே குடையின் கீழ் இரண்டு குடும்பங்கள்!

மதிலும் நெடுநாள் முழுமையாக நிற்கவில்லை. 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் யு.எஸ். ஏர்வேஸ், யுனைடெட், டெல்ட்டா, நார்த்வெஸ்ட் ஆகியவை 2002 முதல் 2005 வரை ஒவ்வொன்றாகத் திவால் நீதிமன்றம் சென்றன. ஆயிரக்கணக்கான விமானிகள் வேலையிழந்தனர். எஞ்சியவர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தனர். ஸ்கோப் எல்லையும் தளர்ந்தது. 2009 ஜனவரியில் ஹட்ஸன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிர்களைக் காத்த சல்லன்பர்கர், மறு மாதமே காங்கிரஸ் குழுவின் முன் தம் சம்பளம் நாற்பது விழுக்காடு குறைந்ததையும் ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார்.

அதே பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறு விமானம் வீழ்ந்து ஐம்பது பேர் மாண்டனர். அது விசிறி விமானம், ஜெட் அன்று. ஆனால் ஏற்பாடு அதுவே: சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல், ஓட்டியது கோல்கன் என்னும் சிறு கம்பெனி. வேகம் குறைந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாகச் செயற்பட்டதே காரணம் என விசாரணை முடிவு செய்தது. சம்பளம் காரணமென்று அது கூறவில்லை, நானும் கூறேன். எனினும் சிறு கம்பெனி விமானிகளின் குறைந்த ஊதியமும், தொலைவிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வரும் களைப்பும் அப்போதுதான் நாடறியப் பேசப்பட்டன.

2010-இல் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். முன்பு 250 மணி போதும். சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு; ஆனால் ஆள் வரத்து குறைந்தது. தொற்றுநோய்க் காலத்தில் மூத்தவர் பலர் முன்னதாக ஓய்வு பெற, தட்டுப்பாடு முற்றிற்று. 2022-இல் அமெரிக்கன் கம்பெனியின் கிளைகளில் புதிய துணை விமானிக்குத் தற்காலிகக் கூடுதல் உட்பட மணிக்கு 90 டாலர் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அக்கம்பெனி, விமானிப் பற்றாக்குறையைச் சொல்லி, டொலிடோ, இதாக்கா முதலிய ஊர்களுக்குச் சேவையை நிறுத்தியது. மலிந்த சம்பளத்தின் மேல் எழுப்பிய சேவை, சம்பளம் ஏறியதும் ஆட்டங்கண்டது.

சம்பளம் உயர்ந்ததால் குறை தீர்ந்தது என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. 2001-இல் 89 நாள் போராடிய கோமேர் 2012-இல் மூடப்பட்டது. பழைய ஐம்பது இருக்கை விமானங்களும் மிகுந்த செலவும் காரணம் என்றது அதன் உரிமையாளரான டெல்ட்டா. 2020-இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் ஆகிய சிறு கம்பெனிகள் மறைந்தன. பல்லாண்டு உழைத்தவர்கள் வேறிடத்தில் கடைசி எண்ணிலிருந்து தொடங்க நேர்ந்தது. தட்டுப்பாடு தந்த சம்பளத்தைத் தட்டுப்பாடு நீங்கினால் பறிக்கலாம். மூப்பு உடன்வராத வேலைக்கு உறுதி ஏது?

சிறு கம்பெனியிலிருந்து பெரிய கம்பெனிக்கு வரிசைப்படி ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்கன் கம்பெனியின் கிளைகளில் உண்டு. அஃது ஒன்றே நல்ல திசையில் வைத்த அடி என்பேன். விமானம் சிறிதாயிருப்பது குற்றமன்று. சிற்றூருக்குச் சிறு விமானமே ஏற்றது. அதை ஓட்டுபவரைச் சிறியவராக்கியதே குற்றம்.

நாளை நம்முள் பலர் நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும் அருகருகே உழைக்கும் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்லப்போகிறோம். அங்கே நமக்கு மதிலுக்கு உள்ளே இடம் கிடைக்கலாம், மகிழ்ச்சியே. ஆனால் வெளியே நிற்பவரின் கூலி குறையக் குறைய, நம் வேலையை வெளியே தள்ளும் ஆசை முதலாளிக்கு வளரும். உள்ளே இருப்பவரின் பாதுகாப்பு வெளியே இருப்பவரின் கூலியில்தான் இருக்கிறது.