சின்னத்திரையில் ஓர் ஓபரா

ஓபரா என்பது பெரும்பாலும் பாட்டாகவே நடைபெறும் மேனாட்டு இசை நாடகம். பெரிய அரங்குக்கென்றே வளர்ந்த கலை அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரையும் எட்ட வேண்டுமாதலால் குரலும் பெரிது, கையசைவும் பெரிது. அதை ஒரு முழ அகலமுள்ள கண்ணாடித் திரைக்குள் அடக்க முனைந்தவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1948 நவம்பர் 29 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கிலிருந்து வெர்டியின் 'ஒத்தெல்லோ' நேரடியாக ஒளிபரப்பாயிற்று. மேடையில் நடந்ததைக் காமிரா எட்டிப் பார்த்தது; அவ்வளவே. 1949இல் தோன்றிய என்.பி.சி. ஓபரா தியேட்டர் வேறு வழி கண்டது. நிலையத்துக்குள்ளேயே காட்சிகளை அமைத்தார்கள். வீட்டிலிருப்போருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் பாட வைத்தார்கள். வாத்தியக் குழு இருந்ததோ வேறொரு கூடத்தில்! இசை நடத்துநர் பாடகரைத் திரையில் பார்த்துக்கொண்டே தாளம் காட்டுவார். பாடகர் ஒலிபெருக்கியில் வரும் இசையைக் கேட்டுப் பாட வேண்டும். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. தவறினால் தவறியதுதான்.

இத்தனை தொல்லைக்கும் கிடைத்த பயன் ஒன்று: முகம். புச்சீனியின் 'டோஸ்கா'வை எடுத்துக்கொள்வோம். 1900இல் ரோம் நகரில் அரங்கேறிய நாடகம். காவல் தலைவன் ஸ்கார்பியா, பாடகி டோஸ்காவின் காதலனை அடுத்த அறையில் வதைக்கச் செய்துவிட்டு, பிறகு அவளை விலை பேசுகிறான். சாப்பாட்டு மேசையிலிருந்த கத்தியால் அவள் அவனைக் குத்துகிறாள். அரங்கில் தூரத்திலிருப்பவருக்குத் தெரிவது அந்தக் குத்து மட்டுமே. காமிராவோ, கத்தியைக் கண்ட கணத்தில் அவள் கண்ணில் தோன்றும் மாற்றத்தையே காட்டிவிடும்.

1955 ஜனவரி 23 அன்று இந்நாடகத்தை என்.பி.சி. ஒளிபரப்பியது, நடத்துநர் பீட்டர் ஹெர்மன் ஆட்லர். டோஸ்காவாகத் தோன்றியவர் லியோன்டின் பிரைஸ், வயது 27. மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். காதலனாகப் பாடிய டேவிட் போலெரி வெள்ளையர். அமெரிக்காவில் தலைமை நிறுவனம் அனுப்பும் நிகழ்ச்சியை உள்ளூர் நிலையங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். தென் மாநிலங்களில் சில நிலையங்கள் மறுத்துவிட்டன.

அதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்புதான் மெட்ரோபாலிடன் மேடையில் முதல் கறுப்பினப் பாடகியாக மரியன் ஆண்டர்சன் தோன்றியிருந்தார். அவருக்குக் கிடைத்தது குறி சொல்பவள் வேடம். காதலி வேடம் அல்ல. டோஸ்காவோ முதல் அங்கத்திலேயே தேவாலயத்தில் காதலனோடு கொஞ்சுபவள். வானொலியாக இருந்திருந்தால் குரல் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். எந்த முகத்தை அருகில் காட்டுவதற்காக இத்தனை பாடுபட்டு ஓபராவைச் சின்னத்திரைக்கு மாற்றினார்களோ, அந்த முகத்தைத்தான் அந்நிலையங்கள் தங்கள் ஊர்க் கூடங்களுக்குள் விடவில்லை.

என்.பி.சி. பின்வாங்கவில்லை. மறு ஆண்டே மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழ'லில் இளவரசி பாமினாவாகப் பிரைஸைப் பாட வைத்தது. மெட்ரோபாலிடனில் ஓர் ஓபராவின் கதாநாயகியாக அவர் முதன்முதலில் நின்றது 1961 ஜனவரி 27 அன்று.