தாடை எலும்பு வளர முதலில் ரத்தம் வேண்டும்

குழந்தையின் விழுந்த பால்பல்லை எறிந்துவிடாதீர்கள், அதிலுள்ள ஸ்டெம் செல்கள் நாளை தாடை எலும்பையே வளர்த்துத் தரும் என்று சொல்லிப் பற்களை உறைய வைத்துப் பாதுகாக்கும் நிறுவனங்கள் பெற்றோரிடம் கட்டணம் வாங்குகின்றன. பால்பல்லின் கூழில் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மைதான். 2003-லேயே அது ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. ஆனால் செல் கிடைக்காததால் இந்த மருத்துவம் தேங்கி நிற்கவில்லை. இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிக்கொள்ளலாம். அந்தச் செல்களுக்கு ரத்தத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் இன்னும் தீராத சிக்கல்.

ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர்கள் 2004-இல் செய்ததைப் பார்த்தால் இது விளங்கும். புற்றுநோய் அறுவையில் கீழ்த்தாடையில் 7 செ.மீ.க்கும் மேல் இழந்த ஒருவருக்காக, பாட்ரிக் வார்ங்கே குழுவினர் ஸ்கேன் படத்தை வைத்து டைட்டானியக் கம்பிவலைக் கூடு ஒன்றைச் செய்தார்கள். அதற்குள் எலும்புத் தாதுக் கட்டிகளை அடுக்கி, எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-7 என்ற புரதம் 7 மில்லிகிராமும், அவருடைய மஜ்ஜை 20 மில்லிலிட்டரும் ஊற்றினார்கள். பிறகு அதைத் தாடையில் பொருத்தாமல் அவருடைய முதுகுத் தசைக்குள் புதைத்தார்கள். 7 வாரம் கழித்து, தசையும் ரத்தக்குழாயும் சேர்ந்தபடி வெட்டியெடுத்துத் தாடையில் வைத்துத் தைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அவர் கெட்டியான உணவை மென்று தின்றார். பின்லாந்தில் 2009-இல் கொழுப்பு ஸ்டெம் செல்களைக் கொண்டு மேல்தாடையைச் சீரமைத்தவர்களும் தங்கள் கூட்டை 8 மாதம் வயிற்றுத் தசையில்தான் வளர்த்தார்கள்.

தாடைக்கு வேண்டியதை முதுகிலும் வயிற்றிலும் வளர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிஜன் ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்வரைதான் திசுவுக்குள் ஊடுருவும். செல்களைத் தாங்கும், பல சென்டிமீட்டர் பருமனுள்ள சட்டத்தின் நடுவில் விடப்பட்ட செல் சில நாட்களிலேயே செத்துப்போகும். அவரைக்குப் பந்தல் போட்டு, வேரில்லாத கொடியை அறுத்துவந்து அதன்மேல் பரப்பினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும். இந்தப் பந்தலுக்கு இன்னொரு கடமையும் உண்டு: புது எலும்பு வளரும் அதே வேகத்தில் அது மக்கி மறைய வேண்டும். முன்னால் மக்கினால் எல்லாம் சரியும்; மக்காமலே நின்றால் புது எலும்புக்கு இடமிருக்காது. ரத்தத்துக்கு வருவோம்: தசையில் நுண்குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. மூச்சுத் திணறும் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, அந்த அழைப்பை ஏற்று நுண்குழாய்கள் சட்டத்தின் துளைகளுக்குள் கிளைவிட்டு நுழைகின்றன. வந்தவை வெறும் குழாய்களும் அல்ல. ஜெர்மனியின் மூன்ஸ்டரில் அஞ்சலி குசும்பேயும் ரால்ஃப் ஆடம்ஸும் 2014-இல் எலிகளில் கண்டறிந்தபடி, எலும்பிலுள்ள ஒருவகை நுண்குழாய்கள் எலும்பாக்கும் செல்களைத் தம்மைச் சுற்றித் திரட்டி, வளரவும் தூண்டுகின்றன. எலும்பு எங்கே, எவ்வளவு வளரும் என்பதில் ரத்தக்குழாய்க்கும் பெரும்பங்கு உண்டு என்பது இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு.

செல்களின் பங்கு பெரிதில்லையா என்று கேட்கலாம். அமெரிக்கரான மார்ஷல் யூரிஸ்ட் 1965-லேயே, தாது நீக்கிய எலும்புத் துண்டைச் செல் எதுவும் சேர்க்காமல் தசையில் வைத்து, அங்கே எலும்பு வளரக் கண்டார். பிஎம்பி புரதங்களின் கதை அங்கே தொடங்குகிறது. ஆகவே கீல் நோயாளிக்கு உதவியது மஜ்ஜைச் செல்லா, புரதமா என்பதை ஒரே ஒருவரை வைத்து முடிவு செய்ய இயலாது. ஓராண்டு சற்றுக் கடந்ததும் அவர் இதயம் நின்று இறந்துவிட்டதால் நீண்டகாலப் பலனும் தெரியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 24 பேரிடம் ஒப்பிட்டுச் செய்த சோதனை 2013-இல் வெளியானது; பல் பிடுங்கிய குழியில் செல்கள் எலும்பு வளர்ச்சியை விரைவுபடுத்தின. இது மதிக்கத்தக்க சான்று. ஆனால் பற்குழி மருந்தில்லாமலும் ஓரளவு ஆறும் இடம்.

நார்வேயின் பெர்கனில் 2018-இல் 11 பேருக்கு, தசையில் வளர்க்காமல் நேரே தாடையிலேயே செல்லும் தாதுத் துகளும் வைத்துப் போதிய எலும்பு பெற்றார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அங்கே செய்தது, செயற்கைப் பல் நடுவதற்காக, தேய்ந்த தாடை விளிம்பில் எலும்பைப் பெருக்கியதுதான். அடியிலே உயிருள்ள தாடை இருந்தது, ரத்தமும் அங்கிருந்தே வந்தது. தாடை முழுத் துண்டாக அறுபட்டு, கதிர்வீச்சால் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களும் பழுதான புற்றுநோயாளியின் நிலை வேறு. அவருக்கு இன்றும் சிறந்த வழி, முழங்காலுக்குக் கீழுள்ள ஃபிபுலா எலும்பை அதன் தமனியோடு எடுத்துக் கழுத்துத் தமனியில் இணைப்பதுதான். 1989 முதல் தாடைக்குச் செய்யப்படும் இந்த அறுவை வெற்றி பெறுவதற்குக் காரணம், அந்த எலும்பு தன் ரத்தக்குழாயைத் தானே கொண்டுவருவது. காலில் ஒரு காயத்தை உண்டாக்குவது அதன் குறை. அதைத் தவிர்க்கத்தான் சட்டமும் செல்லும் கொண்ட ஆராய்ச்சி தொடர வேண்டும், அரசும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். பால்பல்லைச் சேமிக்கப் பணம் கேட்பவர்களிடம், அதிலிருந்து வளர்த்த எலும்பால் எந்த நோயாளியின் அறுபட்ட தாடை சீரானது என்று கேளுங்கள். சான்றைக் காட்டும்வரை பணம் கட்டாதீர்கள்.